சென்னையில் ஒரு சயாம் விருந்து

தமிழ்நாட்டுக்குப் பயணம் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பழனி, மதுரை, இராமேசுவரம் என்று கோயில்களைச் சொல்வார்கள். தியாகராய நகரில் வாங்கிய சேலையை விரித்துக் காட்டுவார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் இட்லி, பொங்கல், வாழை இலைச் சாப்பாடு என்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டு போனேன். ஆனால் பள்ளி விடுமுறையில் போய் வந்த அந்தப் பயணத்தில் இன்றும் என் மனத்தில் நிற்பது கோயிலும் அல்ல, சேலையும் அல்ல. சென்னையில் ஒரு பெரிய தாய்லாந்து உணவகத்தில் உண்ட ஒரு வேளைச் சாப்பாடு.

"தாய்லாந்துச் சாப்பாட்டுக்கா சென்னைக்குப் போனீர்கள்? நம் பட்டணத்தில் தெருவுக்குத் தெரு தொம்யாம் கடை இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நாங்களாகத் தேடிப் போகவில்லை. அழைத்துப் போனார்கள். நாளை உங்களையும் யாராவது அழைக்கலாம். அப்போது உதவும் என்பதற்காகவும், இன்னொரு காரணத்துக்காகவும் இதை எழுதுகிறேன். அந்த இன்னொரு காரணம் போகப் போகத் தெரியும்.

எங்களை அழைத்தவர் அம்மாவின் சித்தப்பா மகளுக்குப் பிள்ளை. எனக்குத் தம்பி முறை. சென்னையில் கணினி நிறுவனமொன்றில் நல்ல வேலை. "பெரியம்மா, நாளைக்கு ராத்திரி உங்களை ஒரு நல்ல தாய் ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

எண்பத்தைந்தைத் தாண்டிய என் அம்மா, "தாய் சாப்பாடா? உன் தாய் உயிரோட இருந்தா அவ கையால சாப்பிட்டிருப்பேன்யா" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். "அந்தத் தாய் இல்ல பாட்டி. தாய்லாந்து. நீங்க சயாம்னு சொல்லுவீங்களே, அந்த ஊர்ச் சாப்பாடு" என்று என் மகள் விளக்கினாள்.

அம்மா கையிலிருந்த காப்பிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. ஒன்றும் பேசவுமில்லை.

அந்த ஒரு சொல்

சயாம் என்ற நாடு 1939-இல் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அது என்றைக்கும் சயாம்தான். ஏன் என்று உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த பிறகு, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட அந்தப் பாதைக்கு, 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு, ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சம் பேருக்கு மேல் கொண்டு போகப்பட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள். சம்பளம், அரிசி, துணி என்று ஆசை காட்டிச் சிலரையும், லயத்துக்குள் புகுந்து பிடித்துச் சிலரையும் ஏற்றினார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. போனவர்களில் ஆயிரம் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை.

அப்படிப் போனவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அப்போது அம்மாவுக்கு நான்கு வயது. "சண்டைக் காலத்துல போனாரு, வரல" என்பதற்கு மேல் அம்மா எங்களிடம் சொன்னதே இல்லை. நான் கடைக்குட்டி. கேட்கும் துணிச்சலும் எனக்கு வந்ததில்லை.

"வேற எங்கயாவது போகலாமாம்மா?" என்று அன்று இரவு தனியாகக் கேட்டேன்.

"பிள்ளை ஆசையா கூப்பிடுது. போகாம இருந்தா மனசு நோகும். போகலாம்" என்றார்.

வாசலில்

உணவகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இந்தியாவின் பெரிய நகரங்களுக்கு இத்தகைய உணவகங்கள் புதியவை அல்ல. பம்பாயில் பிரசிடென்ட் ஓட்டலில் 'தாய் பெவிலியன்' 1993-இலேயே தொடங்கப்பட்டது. 2024-இல் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாய்லாந்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். அங்கே உண்டு பழகிய நாக்கு ஊரிலும் அதைத் தேடாமல் இருக்குமா?

கதவைத் திறந்துவிடச் சீருடை போட்ட ஒருவர். உள்ளே பட்டுடுத்திய ஒரு பெண், இரு கைகளையும் குவித்து, "சவாதி கா" என்றாள். அம்மாவும் உடனே கை குவித்து, "வணக்கம்மா, நல்லா இருக்கியா?" என்றார். அந்தப் பெண் மலர்ந்து சிரித்தாள். தாய்லாந்துக்காரர்களின் இந்த வணக்கச் சொல் சமஸ்கிருதத்து 'சுவஸ்தி'யிலிருந்து வந்தது. கும்பிடுவது அவர்களுக்கும் நமக்கும் பொது.

சுவர் மாடத்தில் வண்ண வண்ணப் பீங்கான் சாடிகள். அந்த வகைப் பீங்கானுக்குப் 'பெஞ்சரோங்' என்று பெயர். நம் 'பஞ்ச ரங்கம்', அதாவது ஐந்து நிறம் என்பதே அங்கே அப்படி ஆகியிருக்கிறது. மேசையில் வெள்ளை விரிப்பு, மடித்து நிறுத்திய துணி, பூப்போல் செதுக்கிய கேரட். மெல்லிய வெளிச்சம். பக்கத்து மேசைகளில் மெதுவாகப் பேசும் கனவான்கள்.

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் எனக்குள் ஒரு கூச்சம் புகுந்துகொண்டது. கிராணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது போன்ற பழைய கூச்சம். நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மாவின் காதருகே குனிந்து, "கரண்டியாலயே சாப்பிடுங்கம்மா, கையால வேணாம்" என்று சொன்னேன். அம்மா தலையாட்டினார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குத் தன்மானம் பற்றிப் பாடம் நடத்தும் நான் சொன்ன சொல் இது.

அட்டையைக் கண்டு அஞ்ச வேண்டாம்

உணவுப் பட்டியல் தடித்த அட்டையில் ஒரு புத்தகம் போல் வந்தது. பெயரெல்லாம் தாய் மொழி, விளக்கமெல்லாம் ஆங்கிலம். இதில் பயப்பட ஒன்றுமில்லை. பத்துச் சொற்கள் தெரிந்தால் பாதிப் பட்டியல் விளங்கிவிடும். 'தொம்' என்றால் கொதிக்க வைத்தது. 'யாம்' என்றால் புளிப்பு, காரம் சேர்த்துக் கலந்தது. 'கெங்' என்றால் குழம்பு. 'பாட்' என்றால் சட்டியில் புரட்டியது. 'காவ்' சோறு. 'கை' கோழி. 'பிளா' மீன். 'கூங்' இறால். 'பாக்' காய்கறி. 'வான்' இனிப்பு. இனி நீங்களே சொல்லுங்கள், 'தொம் யாம் கூங்' என்றால் என்ன? புளிப்பும் காரமுமாய்க் கொதிக்க வைத்த இறால் சாறு. அவ்வளவுதான்! இந்தச் சாற்றைத்தான் 2024-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது.

இன்னொன்றும் அறிந்துகொள்ளுங்கள். தாய்லாந்து முறையில் ஆளுக்கொரு தட்டு வரவழைப்பதில்லை. நம் வீட்டைப் போலவே சோறு ஒன்று, நடுவில் நாலைந்து கறிகள், எல்லாரும் பகிர்ந்து உண்பது. ஆகவே, ஐந்து பேருக்கு ஐந்து கறி கேட்டுத் திணற வேண்டாம். ஒரு சாறு, ஒரு குழம்பு, ஒரு புரட்டல், ஒரு மீன், ஒரு பச்சடி என்றால் தாராளமாகப் போதும்.

தம்பியின் மனைவி அன்று சைவம். சைவம் உண்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய சமையல் இது. காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தாலும், உப்புக்குப் பதில் 'நாம் பிளா' என்ற மீன் சாறு சேர்ப்பது அவர்கள் வழக்கம். அரைக்கும் மசாலாவில் நம் பெலாச்சான் போன்ற இறால் விழுதும் இருக்கும். இந்தியாவில் நல்ல உணவகங்களில் சைவர்களுக்கு அவையில்லாமல் தனியாகவே செய்து தருகிறார்கள். ஆனால் நாம் வாய் திறந்து கேட்க வேண்டும். "மீன் சாறு, இறால் விழுது, இரண்டும் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பரிமாற வந்த பையன் மணிப்பூர் மாநிலத்துக்காரன். அரைகுறைத் தமிழில் அழகாகப் பேசினான். அம்மா அவனிடம், "எந்த ஊருய்யா? அம்மா இருக்காங்களா? பார்த்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார். "ஒண்ணரை வருஷம் ஆச்சு பாட்டி" என்றான். அம்மா அவன் கையைத் தொட்டு, "கடுதாசி போடுய்யா" என்றார். "டெய்லி போன்ல பேசுறேன் பாட்டி" என்று அவன் சிரித்தான். அம்மா ஏன் கடிதத்தைச் சொன்னார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கொல்லைப்புறம் மேசைக்கு வந்தது

முதலில் வந்தது 'மியாங் காம்'. வெற்றிலை போன்ற இலையைப் புனலாக மடித்து, வறுத்த தேங்காய்ப்பூ, வேர்க்கடலை, இஞ்சி, வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, மிளகாய் வைத்துப் பாகு ஊற்றி, ஒரே வாயில் போட்டுக்கொள்வது. "வெத்தலை போடுறது கடைசியிலதானே? இங்க முதல்லயே குடுக்குறாங்க!" என்றார் அம்மா.

பிறகு சாறு வந்தது. கிண்ணம் மேசையில் வைக்கப்பட்டதும், அம்மா கண்ணை மூடி மணத்தை இழுத்தார். கரண்டியால் கிளறி ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "இது செராய். இது லெங்குவாஸ். இது லீமாவ் பூரூட் இலை. நம்ம லயத்துக்குப் பின்னால சாக்கடை ஓரமா இருக்குமே, அதேதான்!"

தம்பி அதற்குள் ஒரு லெங்குவாஸ் துண்டை வாயில் போட்டு மென்று திணறிக்கொண்டிருந்தார். "துப்பிடுய்யா, அது மணத்துக்குப் போடுறது, திங்கிறதுக்கு இல்ல" என்றார் அம்மா. "இத்தனை வருஷமா இங்க வர்றேன். இதையெல்லாம் கஷ்டப்பட்டு மென்னு முழுங்கிட்டுல்ல இருந்தேன்!" என்று தம்பி சொன்னதும், மேசையே சிரித்தது. லெங்குவாஸ் வேறொன்றுமில்லை. தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பேரரத்தைதான். இருமலுக்கு மருந்தாகக் காய்ந்த வேராகவே அங்குள்ளவர்களுக்குத் தெரியும். நமக்கோ அது பச்சையாய்ப் பறித்து இடிக்கும் சமையல் பொருள்.

அடுத்து வந்தது பச்சை நிறக் குழம்பு. பச்சை மிளகாயை அரைத்துத் தேங்காய்ப் பாலில் வைப்பது. அதில் உருண்டை உருண்டையாய் மிதந்ததைத் தம்பியின் மனைவி பச்சைப் பட்டாணி என்று நினைத்தார். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "சுண்டைக்காய்!" என்றார். ஆம், அதே சுண்டைக்காய்தான். தமிழ்நாட்டில் வற்றல் போட்டுக் குழம்பு வைக்கிறார்கள். சயாமில் பச்சையாகவே குழம்பில் போடுகிறார்கள்.

கோழியைத் துளசி இலையோடு புரட்டிய 'பாட் காப்ராவ்' வந்தபோதுதான் அம்மா திடுக்கிட்டார். "துளசியையா? கோழியோடயா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாம் மாடத்தில் வைத்துக் கும்பிடும் அதே செடிதான் அது. அவர்களுக்கு அது காரசாரமான கீரை. ஒருவர் சாமி இன்னொருவர் சமையல். அம்மா அதைத் தொடவில்லை. யாரும் வற்புறுத்தவுமில்லை.

மஞ்சள் குழம்பின் பெயர் 'கெங் காரி'. அந்தக் 'காரி' நம் 'கறி'தான். 'மாஸமான்' என்று இன்னொன்று உண்டு. முஸ்லிம் வணிகர் வழியாக வந்ததால் அந்தப் பெயர். அதில் நம் ஏலம், பட்டை, கிராம்பு, சீரகம் எல்லாம் இருக்கும். மிளகாயோ இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் நம் பாட்டிமார் மிளகைத்தான் நம்பியிருந்தார்கள்.

கை

அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு சோற்றோடு போராடுவதைப் பார்த்தேன். நடுங்கும் கை. பாதி வழியில் சோறு மடியில் விழுந்தது. அம்மா யாரும் பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, பருக்கைகளைச் சேலைக்குள் மறைத்தார். என் நெஞ்சில் ஏதோ குத்தியது.

அந்த மணிப்பூர்ப் பையனும் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் கேட்காமலே ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் எலுமிச்சைத் துண்டும் கொண்டுவந்து வைத்தான். "பாட்டி, கையில சாப்பிடுங்க. எங்க வீட்டுல நாங்களும் கையிலதான்" என்றான்.

அவன் சொன்னதில் தவறே இல்லை. தாய்லாந்தில் இன்று வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி என்று உண்பார்கள். முள்கரண்டி வாய்க்குப் போகாது. கரண்டிக்குச் சோற்றைத் தள்ளிக் கொடுக்கும், அவ்வளவே. ஆனால் அதுவும் 19-ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டுப் பழக்கத்தைப் பார்த்து அரண்மனையில் தொடங்கியதுதான். அதற்கு முன் சயாம் மக்களும் கையால்தான் உண்டார்கள். வடக்கிலும் வடகிழக்கிலும் புளுட் அரிசிச் சோற்றை இன்றைக்கும் விரலால் உருட்டியே உண்கிறார்கள்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "கையாலயே சாப்பிடுங்கம்மா" என்றேன். நானும் என் கரண்டியைக் கீழே வைத்தேன். தம்பியும் வைத்தார். பிறகு அம்மா மீனை முள் எடுத்துப் பேத்திக்கு ஊட்டியதும், எல்லாருமாக அந்த வெள்ளை விரிப்பில் கையால் பிசைந்து உண்டதும் எங்களுக்குத் திருவிழாவாக இருந்தது. பக்கத்து மேசைக் கனவான்கள் யாரும் மயங்கி விழுந்துவிடவில்லை.

மாம்பழத்தோடு வந்த கதை

கடைசியில் இனிப்பு. தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கலந்த புளுட் சோறு, பக்கத்தில் மாம்பழத் துண்டுகள். 'காவ் நியாவ் மாமுவாங்' என்று பெயர். 

அம்மா அந்தச் சோற்றை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே பேசத் தொடங்கினார்.

"எங்கப்பாவோட போன ஒருத்தரு திரும்பி வந்தாரு. பக்கத்து லயம். எலும்பும் தோலுமா வந்து எங்கம்மாகிட்ட சொன்னாரு. நாத்த அரிசியும் கருவாட்டுத் தண்ணியும்தான் அங்க சாப்பாடாம். காய்ச்சல்ல கெடந்தப்போ, பக்கத்து ஊரு சயாம்காரி ஒருத்தி, ஜப்பான்காரனுக்குத் தெரியாம வாழை இலையில இந்தச் சோத்தைக் கட்டிக் குடுத்தாளாம். இவரு பாதி, எங்கப்பா பாதி தின்னாங்களாம். அதுக்கப்புறம் ரெண்டு நாள்தான் எங்கப்பா இருந்தாராம்."

யாரும் பேசவில்லை. என் மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சயாம்னா எனக்கு வயிறு கலங்கும். ஆனா சயாம்காரங்க மேல கோவம் இல்ல. கொண்டு போனவன் வேற. கடைசியா எங்கப்பா வாயில சோறு போட்டவ ஒரு சயாம்காரி. அது என்ன சோறுன்னு பார்க்கணும்னு இருந்துச்சு. அதான் வந்தேன்."

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவருடைய தாத்தா, என் தாத்தாவின் கூடப்பிறந்த தம்பி. நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலேயே இருந்துவிட்டவர். "எங்க தாத்தா சாகுற வரைக்கும் ஒரே வார்த்தைதான் சொல்லிட்டிருந்தாரு பெரியம்மா. மலாயாவுக்குப் போன அண்ணன் பொண்டாட்டி பிள்ளைன்னு ஆனதும் எங்களை மறந்துட்டான், ஒரு கடுதாசி போடலைன்னு. அண்ணன் பேரைக்கூட வீட்டுல சொல்ல விடமாட்டாரு."

"கடுதாசி போட ஆள் இல்லய்யா" என்றார் அம்மா. "எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாருக்கு எழுதணும், எங்க அனுப்பணும்னும் தெரியாது."

எண்பது ஆண்டு மனத்தாங்கல் அந்த மேசையில் தீர்ந்தது. சொல்ல வேண்டியவர்களும் கேட்க வேண்டியவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு! அம்மா புளுட் சோற்றில் ஒரு பிடி எடுத்தார். பாதியைத் தம்பியின் தட்டில் வைத்தார். மீதியைத் தான் உண்டார்.

கணக்கு

இனிக் கணக்குக்கு வருகிறேன். தோட்டத்து வாசகர்களுக்கு விலை சொல்லாமல் விட்டால் கட்டுரை முற்றுப்பெறாது. நாங்கள் ஐந்து பேர். சாப்பாட்டுக்கு 6,400 ரூபாய். வரி 5 விழுக்காடு, 320 ரூபாய். மொத்தம் 6,720. ஒரு வெள்ளிக்குச் சுமார் 20 ரூபாய் என்று வைத்தால் 336 வெள்ளி. மலேசியாவில் 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்கு! ஒரு கிண்ணம் சாறு மட்டும் 395 ரூபாய்.

செராய்க்கும் லெங்குவாஸுக்குமா இந்த விலை? இல்லை. குளிர்சாதனம், இடத்தின் வாடகை, வெள்ளை விரிப்பு, செதுக்கிய கேரட், கதவு திறப்பவரின் சீருடை எல்லாம் அதில் சேர்த்தி. ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விலை கூடியதால் ருசி கூடிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதே மணம் உங்கள் கொல்லையில் காசில்லாமல் வளர்கிறது.

நீங்கள் பணம் கட்டும் நிலை வந்தால் இரண்டு விவரங்களை நினைவில் வையுங்கள். தனி உணவகங்களில் வரி 5 விழுக்காடு. ஆனால் நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் அது 18 விழுக்காடு. அடுத்தது, 'சேவைக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால், அது கட்டாயமில்லை. தானாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அறிவித்தது. டில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மரியாதையாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். மனம் நிறைந்திருந்தால், பரிமாறியவர் கையில் நேராகக் கொடுங்கள். எங்கள் மணிப்பூர்ப் பையன் கையில் அம்மா தன் சுருக்குப் பையிலிருந்து 200 ரூபாய் எடுத்து வைத்தார். அவன் வேண்டாம் என்றான். "பாட்டி குடுத்தா வாங்கிக்கணும்" என்று அதட்டி வாங்க வைத்தார்.

வாசகர்களே, இப்படி ஓர் இடத்துக்கு உங்களை யாராவது அழைத்தால் தயங்காமல் போங்கள். தெரியாததைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத பலவும் உங்களுக்குத் தெரியும் என்பதை மறவாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்கள் கையால் சாப்பிட்டால் தடுக்காதீர்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

பெரிய உணவகத்துக்குப் போக வழியில்லையா? அதனால் குறையொன்றுமில்லை. கொல்லையில் செராய் பிடுங்கி வீட்டிலேயே சாறு வையுங்கள். பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நம் வீட்டிலிருந்து யாராவது சயாமுக்குப் போனார்களா?" என்று கேளுங்கள். பெயர், ஊர், போன ஆண்டு, உடன் போனவர்கள் என்று அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் சொந்தம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். அங்கேயும் யாராவது ஒரு கடிதத்துக்குக் காத்திருந்து மனம் கசந்து போயிருக்கலாம்.

ஊர் திரும்பிய மறுநாள் என் மகள் தன் பள்ளி நோட்டின் முதல் பக்கத்தில் கொள்ளுத் தாத்தாவின் பெயரை எழுதினாள். பாட்டி சொல்லச் சொல்ல, அவர் தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர், தோட்டத்தின் பெயர், 1943 என்று அதன் கீழே எழுதினாள். நான் அதைத் தம்பிக்கு அனுப்பி வைத்தேன். அவர்கள் வீட்டுச் சுவரில் இப்போது தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், அண்ணன் பெயரும் எழுதி மாட்டியிருக்கிறதாம்.